வெண்டலின் பெயர் ஒட்டிய பெட்டி

ஹாலர் க்ரீக்கில் துப்பாக்கி இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் துப்பாக்கிகளுக்குள் எதைப் போடுவது என்று கேட்க ஊருக்கு இருந்த ஒரே ஆள் ஹார்லன் ப்ரூயிட். பண்ணைச் சாமான் கடையில், கோழித்தீவன மூட்டைகளுக்கும் வேலிக்கம்பிச் சுருள்களுக்கும் நடுவே இருந்த தோட்டாக் கவுண்ட்டரில் முப்பத்தோரு வருஷம் நின்றார். பாதிரியாரிடம் பொய் சொன்னவர்கள்கூட ஹார்லனிடம் உண்மையைச் சொன்னார்கள். யாருக்குப் பயந்து, எந்த ஜன்னலுக்குப் பயந்து தூக்கம் வராமல் கிடக்கிறார்கள் என்று ஊரில் பாதிப்பேர் விஷயம் அவருக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. "வீட்டுப் பாதுகாப்புக்கு ரைபிளுக்கு ஒரு பெட்டி குடுங்க" என்று யாராவது வந்தால், என்ன ரைபிள் என்று முதலில் கேட்க மாட்டார். பழுப்புக் காகிதப் பை ஒன்றைக் கிழித்து விரித்து, காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டுவார்.

"வீட்ட வரை."

"வீட்டயா? எனக்குத் தோட்டா வேணும் சார்."

"தோட்டா நான் தர்றேன். நீ வீட்ட வரை. சுவரு எதுல கட்டினது, எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு படுக்கிறாங்க, அதையும் எழுது."

வந்தவன் நெளிந்துகொண்டே வரைவான். ஒருமுறை ஒரு இளைஞன், சினிமாவில் யாரும் இதையெல்லாம் யோசிப்பதில்லையே என்று கேட்டுவிட்டான். "சினிமாவுல பக்கத்து வீட்டுல ஆளே இருக்கிறதில்ல தம்பி" என்றார் ஹார்லன். பையன் வாயை மூடிக்கொண்டு குழந்தைகள் படுக்கும் அறையை வரைந்தான்.

அவர் சொன்னது இதுதான். செம்பு உறை முழுக்க மூடிய தோட்டா இருக்கிறதே, அது மலிவு, குறிபார்த்துப் பழக நல்லது, ஆனால் அதற்கு நிற்கத் தெரியாது. ஒரு சுவர், இரண்டு சுவர் என்று போய்க்கொண்டே இருக்கும். கொயோட்டி என்கிற காட்டு நரியைச் சுடுவதற்கென்று செய்த மெல்லிய வகை அப்படியில்லை. பட்ட இடத்திலேயே நொறுங்கும். சுவரைத் தாண்டினாலும் பெரும்பாலும் வேகம் செத்துப்போகும். "நீ சுட நெனச்சவன் ஒருத்தன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணினாங்க?" என்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு விலை அதிகம் என்று யாரும் முணுமுணுத்ததில்லை.

வீட்டில் அவர் மனைவி ஓப்பல் இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்வாள். "ஊரையே வீடு வரையச் சொல்றியே ஹார்லன், நம்ம வீட்டுக் கூரை ஒழுகுதே, அத எப்ப வரையப்போற?"

அவர் சிரிப்பார். அந்த வயதில் அவருக்குத் தன் மேல் மரியாதை இருந்தது. அது தப்பில்லை. இல்லாத மரியாதையை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தது. அரசாங்கம் தடை போடப்போகிறது என்று வதந்தி. நாடு முழுக்க ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கினார்கள். செவ்வாய்க்கிழமை லாரி வரும். கடை திறப்பதற்கு முன்பே வாசலில் பனியில் நிற்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி என்று அட்டை தொங்கியது. பத்து மணிக்குள் அலமாரி துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

அலமாரி மட்டும்தான் அப்படி. கவுண்ட்டருக்குக் கீழே, துப்பாக்கி எண்ணெய் டப்பாக்களுக்கும் துடைக்கும் துணிகளுக்கும் பின்னால், நாலைந்து பெட்டிகள் எப்போதும் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் பென்சிலால் ஒரு பெயர். அந்தப் பஞ்சத்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்ற எந்த மனிதனும் செய்த காரியம்தான் அது. முப்பது வருஷம் வந்து போனவர்களுக்கு ஒன்று எடுத்து வைக்காவிட்டால் அப்புறம் என்ன சிநேகம்? யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை, பெயர் இல்லாதவர்களைத் தவிர. அவர்களுக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

அதில் ஒரு பெட்டி வெண்டலுடையது. வெண்டல் ஸ்டைல்ஸ் ஹார்லனோடு நாற்பது வருஷம் மீன் பிடித்தவர். மலைச்சரிவில் மாடு வைத்திருந்தார். கொயோட்டி கன்றுக்குட்டிகளைச் சுற்றுகிறது, மெல்லிய வகை ஒரு பெட்டி எடுத்து வை என்று சொல்லியிருந்தார். எடுத்து வைத்து மூன்று வாரமாயிற்று. வெண்டலுக்கு எதற்கும் அவசரம் கிடையாது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு ட்வைலா ராஸ்கோ வந்தாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. முப்பது வயதிருக்கும். வேறு மாவட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், கல்யாணம் முறிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். வேலை முடிந்து நேராக வந்ததால் கை சிவந்து ஊறியிருந்தது.

"மிஸ்டர் ஹார்லன், எங்கண்ணன் விட்டுட்டுப் போன ரைபிள் ஒண்ணு இருக்கு. வீட்டுல வச்சுக்கிறதுக்கு எது சரியா வரும்?"

அவர் பையைக் கிழித்தார். அவள் நெளியவில்லை. பென்சிலை வாங்கி மளமளவென்று வரைந்தாள். டிரெய்லர் வீடு. வெளியே தகரம், உள்ளே பலகை, நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் பத்தடி தள்ளி இன்னொரு டிரெய்லர். அதில் ஒரு சதுரம் போட்டு, "வெல்டா, சமையலறை" என்று எழுதினாள். வெல்டா கிம்ப்ரோ பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். ஊரில் பாதிப்பேரை மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த காலத்திலிருந்தே தெரிந்தவள்.

"அவன் வரப்போறான்" என்றாள் ட்வைலா. முன்னாள் கணவனைச் சொன்னாள். "எம்பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்டு பேப்பர் குடுத்திருக்கு. பேப்பர அவன் படிக்க மாட்டான். போலீஸு வந்து சேர முக்கா மணி ஆகும். எனக்குப் பயமெல்லாம் வெல்டாவ நெனச்சுத்தான். சுட்டா அந்தப் பக்கம் போயிடுமா?"

முப்பத்தோரு வருஷத்தில் அவர் கேட்க வேண்டிய கேள்வியை அவரிடமே கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அது அவர் முழங்காலுக்கு எதிரே, வெண்டலின் பெயரோடு இருந்தது.

அவர் தயங்கினாரா என்று கேட்டால், தயங்கினார். ஒரு மூச்சு நேரம். வெண்டல் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. அடுத்த செவ்வாய் வேறு லாரி வரும், இவளுக்கு அப்போது கொடுத்தால் போகிறது என்றும் தோன்றியது. மனிதன் தனக்கு வேண்டிய சமாதானத்தை ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிடுகிறான்.

"மெல்லிசு வகை இல்லம்மா. தீந்துபோச்சு. முழு உறை போட்டதுதான் இருக்கு. இப்போதைக்கு இத வச்சுக்கோ."

"அது சுவரத் தாண்டும்னு சொல்வாங்களே."

"தாண்டும். அதனால நீ எங்க நிக்கிறன்றதுதான் முக்கியம்." அவள் வரைந்த படத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். "இங்க, வெல்டா பக்கம் முதுக வச்சு நில்லு. சுட்டா மலைக்குத்தான் போகும். அடுத்த வாரம் வா, மாத்தித் தர்றேன்."

அவள் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

அடுத்த செவ்வாய் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. சர்ச் முடிந்து மதியம். ட்வைலா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் முன்கதவை உதைத்துக்கொண்டு வந்தான். புள்ளி வைத்த இடத்துக்கு அவள் எப்படிப் போவாள்? அந்த இடத்தில் அவன் நின்றான். அவளுக்குப் பின்னால் மலை, அவனுக்குப் பின்னால் வெல்டாவின் வீடு. அவன் கையில் டயர் கழற்றும் இரும்பு. இரண்டு முறை சுட்டாள். ஒன்று கதவுச் சட்டத்தில் பாய்ந்தது. இன்னொன்று அவன் காதோரமாகப் போய், அவள் வீட்டுச் சுவரையும் பத்தடி இடைவெளியையும் தாண்டி, சமையலறைத் தொட்டியருகே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த வெல்டாவின் மார்பில் பட்டது.

அவன் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓடி நெடுஞ்சாலையில் பிடிபட்டான். வெல்டா ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே இறந்துபோனாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ட்வைலாதான்.

சட்டம் ட்வைலாவை ஒன்றும் செய்யவில்லை. ஊர் செய்தது. வெல்டாவின் இழவுச் சாப்பாட்டுக்கு அவள் கொண்டுவந்த பாத்திரத்தை யாரும் திறக்கவில்லை. சர்ச்சில் அவள் உட்கார்ந்த வரிசை காலியாகவே இருந்தது. வெல்டாவின் மகள் டார்லா அவளை நேருக்கு நேர் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: தகர வீட்டுக்குள் அந்த வகைத் தோட்டாவை எந்தப் புத்திகெட்டவள் போடுவாள்?

அந்தப் பேச்சு ஹார்லனின் கவுண்ட்டர் மேலேயே நடந்தது. அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். ஒரு நாள் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"உன்கிட்டதான் வாங்கினாளாமே ஹார்லன். நீ ஒண்ணும் சொல்லலியா?"

"எங்க நிக்கணும்னு சொன்னேன்" என்றார் ஹார்லன்.

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டு போன விதத்திலேயே, அது என்னவாக ஊருக்குள் போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹார்லன் எல்லாம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார், அவள்தான் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அப்படித்தான் ஆயிற்று. அவர் அதைத் திருத்தவில்லை. பெட்டியை மறைத்ததை ஒரு மூச்சில் செய்தார் என்று வைத்துக்கொண்டாலும், இதை நாள்தோறும் செய்தார். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய பாவம். அவருக்கும் அது தெரியும்.

ஜூன் மாதம் ட்வைலா ஊரைவிட்டுப் போனாள். அர்க்கன்சா மாநிலத்தில் கோழி அறுக்கும் ஆலையில் வேலை என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தது. அடுத்த வருஷம் மே கடைசியில், குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமை, ஒருமுறை திரும்பி வந்தாள். வெல்டாவுக்கு அவள் வைத்த பூவை யாரோ வேலிக்கு வெளியே தூக்கி எறிந்தார்கள். ஹார்லன் இரண்டு கல்லறை தள்ளித் தன் அப்பாவின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பஞ்சம் தீர்ந்தது. அலமாரி நிரம்பியது. ஹார்லன் வீடு வரையச் சொல்வதை விட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு முழங்கால் வலி என்று சொல்லி ஓய்வும் பெற்றார்.

வெல்டா இறந்து நாலு வருஷம் கழித்து, ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்துக்கு வெண்டல் வீட்டில் விருந்து. பன்றி விலா வாட்டி, தர்பூசணி வெட்டி, பேரன் பேத்திகள் பட்டாசு வைத்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் நிலவறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து ஹார்லன் முன்னால் ஆட்டினார். ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது.

"இத பாருடா. பஞ்ச காலத்துல நீ எனக்குன்னு ஒளிச்சு வச்சுக் குடுத்தது. பழைய டின்னுக்கு அடியில கெடக்குது. மறந்தே போயிட்டேன்."

"கொயோட்டி சுடணும்னியே."

"எவன் குளிருல எந்திரிச்சுப் போறது? நாய் வாங்கிக் கட்டினேன், கொயோட்டி தானா ஓடிப்போச்சு. வா, டப்பா வச்சுச் சுடலாம். யாரு கை நடுங்குதுன்னு பாப்போம்."

வேலிமேல் பீர் டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். மெல்லிய வகைத் தோட்டா டப்பாவில் பட்டதும் டப்பா பிய்ந்து பறந்தது. பின்னால் அடுக்கியிருந்த பலகையில் சில்லுச் சில்லாகக் கொத்தினதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. வெண்டல் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, "என்னமா நொறுங்குது பாருடா, பலகையக்கூடத் தாண்டல" என்று வியந்தார். ஹார்லன் கையிலிருந்த உருளைக்கிழங்கு சாலட் தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஓப்பலிடம் சொன்னார். முழுவதும் சொன்னார். அவள் மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷமா அந்தப் பொண்ணு மேல ஊரே சேறடிக்குது. நீ வாளியப் புடிச்சுட்டு நின்னிருக்க."

"தெரியும் ஓப்பல்."

"தெரியும்னு எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அவ இருக்கிற எடம் தெரியுமா?"

முதியோர் இல்லத்தில் விசாரித்து விலாசம் வாங்கியது ஓப்பல்தான். ஆகஸ்டில் ஹார்லன் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். ட்வைலா ஒரு அடுக்குமாடியில், செங்கல் சுவர் வீட்டில் இருந்தாள். ரைபிள் இல்லை, எப்போதோ விற்றுவிட்டாள். அவருக்குக் குளிர்ந்த டீ கொடுத்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பற்றியும் ஒட்டுத்தாளைப் பற்றியும், ஊரில் தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியும் சொல்லி முடித்தார்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. டீ கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருந்தா? எங்கயாவது எடுத்து வச்சிருக்கீங்களான்னு நான் இன்னொரு தடவ கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"தெரியலம்மா." பிறகு, வந்த காரியத்துக்கு அது பொருந்தாது என்று பட்டதால், "குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

"அந்தப் பெட்டிய அவரு என்ன பண்ணாரு?"

"டப்பா சுட்டோம். போன மாசம்."

அவள் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றாள். அவருக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது, மனசு கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது மிஸ்டர் ஹார்லன்? நான் என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியும். தெரியாதது அவங்களுக்கு. அங்க சொல்லுங்க. டார்லா காதுல விழுற மாதிரி சொல்லுங்க. மே மாசம் நான் வந்து வெல்டாவுக்குப் பூ வைக்கணும். வச்ச பூ அங்கயே இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன்."

"சொல்லிட்டு போன் பண்ணுங்க. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், ஜெபத்துக்காகத் தங்கள் குறைகளைச் சொல்லும் நேரம் வந்தது. ஒருத்தி தங்கையின் சர்க்கரை வியாதியைச் சொன்னாள். ஒருவர் மழைக்காகக் கேட்டார். ஹார்லன் முன் வரிசைப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்காலுக்காகக் கேட்கப்போகிறார் என்று எல்லோரும் இரக்கமாகத் திரும்பினார்கள்.

அவர் பூசி மெழுகவில்லை. ட்வைலா சரியானதைத்தான் கேட்டாள், வெல்டாவைப் பற்றித்தான் பயந்தாள், நான் பெட்டியை வைத்துக்கொண்டே இல்லையென்று சொன்னேன், பிறகு அவள் மேல் பழி விழுந்தபோது நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெண்டலின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். வெண்டல் தானாகவே தலையைக் குனிந்துகொண்டார். சொல்லி முடித்ததும் ஹார்லன் உட்கார்ந்தார். இனி இந்த ஊரில் தன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அதற்குத் தயாராகவும் வந்திருந்தார்.

ஆனால் நடந்தது வேறு. கடைசிப் பாட்டு முடியும்வரைகூடப் பொறுக்காமல் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோளைத் தட்டினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நாங்களா இருந்தாலும் சிநேகிதனுக்குத்தான் வச்சிருப்போம்" என்றார் ஒருவர். "இத்தன நாள் இத மனசுக்குள்ள வச்சு என்ன பாடுபட்டீங்களோ" என்று ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். பின்னால் பொதுச் சாப்பாட்டில் அவர் தட்டில் பன்றிக்கறியும் பீன்ஸும் குவிந்தன. அன்றைக்குப்போல அந்த ஊர் அவரை நேசித்ததே இல்லை.

டார்லா கடைசியாக வந்தாள். அவரைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு உங்க மேல ரொம்ப மரியாத. எந்திரிச்சு நின்னு சொன்னீங்களே, அதுக்கே எவ்வளவு நெஞ்சுரம் வேணும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல மிஸ்டர் ஹார்லன்."

"டார்லா, ட்வைலா மே மாசம் வரணும்னு ஆசப்படுறா. பூ வைக்க. அவ மேல தப்பில்ல, இப்பத்தான் சொன்னேனே."

டார்லாவின் கை அவர் முதுகிலிருந்து இறங்கியது.

"நீங்க பெட்டிதான் குடுக்கல. சுட்டது அவ. அவள அந்த எடத்துல என்னால பாக்க முடியாது. அதக் கேக்காதீங்க."

ஹார்லன் மறுபடி பேசினார். யார் யாரையோ பிடித்து, அவளுக்காகத்தான் எழுந்து நின்றேன், எனக்காக இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். உங்கள் நல்ல மனசு அப்படிப் பேசச் சொல்கிறது என்றார்கள். ஓப்பல் மட்டும் சாப்பாட்டு மேசையின் மறுகோடியில், தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தொலைபேசியில் அர்க்கன்சாவுக்குக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. எல்லாத்தையும் சொன்னேன். டார்லா இருந்தா."

"என்ன சொன்னாங்க?"

"மன்னிச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் மூச்சு உடைந்ததுபோல ஒரு சத்தம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நெஜமாவா? டார்லாவுமா? அப்ப மே மாசம் நான் வரட்டுமா? ஒரு நாள் லீவுதான் கேக்கணும், குடுத்துடுவாங்க."

ஹார்லன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ட்வைலா. என்னை மட்டுந்தாம்மா மன்னிச்சாங்க."

அவள் உடனே புரிந்துகொண்டாள். கடையில் நன்றி சொன்ன அதே மரியாதையான குரலில் சொன்னாள்.

"உங்களுக்காவது நல்லதாப் போச்சே, மிஸ்டர் ஹார்லன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.